நான்கு தலைமுறைக் காகிதம்: 1781 ஆணை வெளியே நிறுத்தியது யாரை?

மே 4 – கேட்டவர்

புரட்சிக்கு எட்டு வருஷம் முன்னால், 1781-ல், போர் அமைச்சர் செகூர் போட்ட ஆணையால்தான் பிரான்சில் சாமானியன் படை அதிகாரி ஆகும் வழி அடைபட்டது. அந்தக் கோபம்தான் 1789-ல் வெடித்தது. பாடத்தில் இப்படித்தான் படித்தேன். பிரபுக்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து சாமானியரை விரட்டினார்கள் என்று புரிந்துகொண்டேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

மே 4, இரவு

மறுப்பு உண்டு. ஆணை உண்மை, தேதி மே 22. ஆனால் அது விரட்டியது சாமானியனை அல்ல. சாமானியன் அந்த வாசலுக்குள் அதற்கு முன்பும் சட்டப்படி வர முடியாது. 1781-ல் புதிதாக வெளியே நிறுத்தப்பட்டவன் பணக்காரப் புதுப் பிரபு.

ஆணையின் சாரம் இது. அதிகாரி வரிசையின் முதல் படியான சூ-லெப்டினன்ட் பதவிக்கு நேரடியாக வருகிறவன், அரசரின் ராணுவப் பள்ளியில் சேரும் பையன் காட்டுகிற அதே சான்றைக் காட்ட வேண்டும். அதாவது தந்தை வழியில் நான்கு தலைமுறைப் பிரபுப் பிறப்பு. தாய் வழி கேட்கப்படவில்லை. சில நூல்களில் இரு வழியும் என்று வருகிறது, அது தவறு. விலக்கு ஒரே ஒரு கூட்டத்துக்கு: சான்-லூயி விருது பெற்ற அதிகாரிகளின் மகன்கள்.

அந்த விலக்கில்தான் விஷயம் இருக்கிறது. சான்-லூயி விருதை 1693-ல் பதினான்காம் லூயி ஏற்படுத்தினார். அதற்குப் பிறப்பு நிபந்தனை கிடையாது. கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நீண்ட சேவை வேண்டும், அவ்வளவுதான். சிப்பாயாகச் சேர்ந்து, பல போர் பார்த்து, முடி நரைத்தபின் மார்பில் அந்தச் சிலுவையைக் குத்திக்கொண்ட ஒரு குடியானவன் மகனுக்கு ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை 1781-க்குப் பிறகும் நான்கு தலைமுறை காட்டாமல் உள்ளே போகலாம். பாரிஸ் நிதிக்காரர் ஒருவரின் பேரன், பிரபுப் பட்டம் கையில் இருந்தும், போக முடியாது. சாமானியனை விரட்டுவதுதான் நோக்கமென்றால் இப்படி ஒரு விலக்கை எழுதியிருக்க மாட்டார்கள்.

மே 5

நான்கு தலைமுறையை எண்ணும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விண்ணப்பிக்கும் பையனே முதல் படி. அப்பா இரண்டு, தாத்தா மூன்று, கொள்ளுத் தாத்தா நான்கு. ஆக, கொள்ளுத் தாத்தா பிரபுவாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. பிரான்சில் பணம் கொடுத்துப் பிரபு ஆவதற்கு ராஜபாட்டை ஒன்று இருந்தது: ‘அரசரின் செயலாளர்’ என்ற பதவி. வேலை அநேகமாக எதுவும் கிடையாது. நூற்றாண்டின் பிற்பகுதியில் விலை 1,00,000 லிவ்ருக்கு மேல் (லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம்). 20 ஆண்டு வைத்திருந்தாலும் சரி, பதவியில் இருக்கும்போதே இறந்தாலும் சரி, குடும்பம் பரம்பரைப் பிரபு ஆகிவிடும். ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘பட்டிக்காட்டானைக் கழுவும் சோப்பு’.

ஒரு வணிகர் 1735-ல் அந்தப் பதவியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் 1740-ல் பிறக்கிறான். பேரன் 1766-ல். 1781-ல் பேரனுக்கு 15 வயது, சூ-லெப்டினன்ட் ஆகச் சரியான வயது. எண்ணுங்கள்: பேரன் ஒன்று, மகன் இரண்டு, பதவி வாங்கிய தாத்தா மூன்று. அதற்கு மேல் கடைக்காரர். ஒரு படி குறைகிறது. அவன் சட்டப்படி பிரபு, வரி விலக்கு உண்டு, வாள் தொங்கவிடலாம், ஆனால் ரெஜிமென்டில் இடம் இல்லை. அவன் மகனுக்கு இடம் உண்டு. ஆணை இந்தக் குடும்பங்களிடம் கேட்டது இன்னும் ஒரு தலைமுறைக் காத்திருப்பு. நான்கு என்ற எண்ணை எங்கிருந்தோ பிடித்து வரவில்லை. நூற்றாண்டின் முதற்பாதியில் பதவி வாங்கிய குடும்பங்களின் பேரன்கள் வயதுக்கு வரும் நேரத்தில் அது சரியாக அவர்கள் கழுத்தில் விழுகிறது.

மே 5, மாலை – இன்னொருவர்

அப்படியென்றால் 1781-க்கு முன் சாமானியன் சட்டப்படி வர முடியாது என்றீர்களே, எதைக் காட்டி உள்ளே போனார்கள்?

மே 5, இரவு

நான்கு பிரபுக்கள் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ். ‘இன்னாரின் மகன் இன்னார் பிரபுக் குலத்தவர், நாங்கள் அறிவோம்’ என்று அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் நான்கு பேர் எழுதிக் கொடுத்தால் போதும். வேலை கெட்டது இங்கேதான். கடன் கொடுத்தவரின் மகனுக்கு, சம்பந்தி வீட்டுப் பையனுக்கு, ஊரில் மரியாதையாக வாழும் வக்கீலின் மகனுக்கு, கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ‘பிரபு போல வாழ்கிறார்கள்’ என்பதே போதுமான தகுதி ஆனது. 1781 ஆணை அந்தக் கையெழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அசல் ஆவணங்களைப் பாரிஸில் இருக்கும் வம்சாவளி அதிகாரியிடம் கொண்டு வா என்றது. அந்த அதிகாரி ஷெரான். லஞ்சத்துக்கு மசியாதவர் என்று பெயர் எடுத்தவர்.

ஆகவே நான் நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சாமானியனுக்குச் சட்டத்தில் வழி இல்லை, ஆனால் சுவரில் பொத்தல் இருந்தது. அந்தப் பொத்தலையும் 1781 அடைத்தது. அதனால் அடிபட்ட சாமானியர்களும் உண்டு. முக்கிய இலக்கு அவர்கள் அல்ல என்பதை மட்டும் விடமாட்டேன்.

மே 6

ஆவணம் என்றால் என்னென்ன, எங்கே சிக்கும் என்று தனிச்செய்தியில் கேட்டார்கள். பொதுவில் எழுதுகிறேன், பலருக்கும் பயன்படும்.

பையனுக்கு ஞானஸ்நானப் பதிவின் நகல், உள்ளூர் நீதிபதி ஒப்பம் வைத்தது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் இரண்டு விஷயம் நிரூபணம் ஆக வேண்டும். ஒன்று, இவன் அவனுக்குச் சட்டப்படியான மகன். இரண்டு, அவன் பிரபுவாக வாழ்ந்தான். இரண்டையும் ஒருசேரத் தருவது திருமண ஒப்பந்தம். அதில் பெற்றோர் பெயரும் இருக்கும், பட்டமும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் முதலில் தேடுவது அதுதான். பிறகு உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், மேல்பிரபுவிடம் நிலத்துக்காகச் செய்த விசுவாச உறுதிப் பத்திரம். சாமானியர் மட்டும் கட்டும் நேரடி வரியின் ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்கான சான்றும் வேண்டும். 1660-களில் பதினான்காம் லூயியின் நிதி அமைச்சர் கொல்பேர் காலத்தில் போலிப் பிரபுக்களைப் பிடிக்க மாகாணம் மாகாணமாக விசாரணை நடந்தது. அதில் ‘இவர் உண்மையான பிரபு’ என்று கிடைத்த தீர்ப்பு வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிக்கும் இடங்கள்:

பட்டச் சொல். பத்திரத்தில் ‘எக்குயே’ அல்லது ‘ஷெவாலியே’ என்று இருக்க வேண்டும். ‘நோபிள் ஓம்’, அதாவது ‘பிரபு மனிதர்’ என்று எழுதியிருந்தால் பார்ப்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் பல மாகாணங்களில் அது வசதியான நகரவாசிகளும் வக்கீல்களும் போட்டுக்கொண்ட அடைமொழி. அது பிரபுப் பிறப்பைக் காட்டாது. அந்த ஒரு படியில் வேறு பத்திரம் இல்லையென்றால் விண்ணப்பம் நின்றுவிடும். நகல் மட்டும் இருப்பது இன்னொரு சிக்கல். மூலப் பத்திரம் நோட்டரியிடம் இருக்கிறது என்றால் அதை எடுப்பித்து ஒப்பம் வாங்க வேண்டும். ஏழைப் பிரபுவுக்கு இந்தச் செலவே பெரிது.

மூன்றாவது, இடையில் ஒருவர் கடை வைத்தது. சில்லறை வியாபாரம், கைத்தொழில், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுவது, இவை பிரபு அந்தஸ்தைக் கெடுக்கும். கடல் வணிகத்துக்கு 1669-லும் மொத்த வியாபாரத்துக்கு 1701-லும் விலக்கு கிடைத்தது. கண்ணாடி ஊதும் தொழில் முன்பிருந்தே குற்றமில்லை. பிரித்தானி மாகாணத்தில் அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு: வியாபாரம் செய்யும் காலத்தில் பிரபு அந்தஸ்து ‘தூங்கும்’, நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். மற்ற மாகாணத்தான் அரசரிடம் மன்னிப்புப் பத்திரம் வாங்க வேண்டும்.

அரசவையில் நுழையும் கௌரவத்துக்கான சான்று இதைவிடப் பல மடங்கு கடினம். 1400-ஆம் ஆண்டு வரை போக வேண்டும், ஒவ்வொரு படிக்கும் மூன்று அசல் பத்திரம். நான்கு தலைமுறை என்பது அதன் பக்கத்தில் சின்னப் பரீட்சை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மே 7 – மற்றொருவர்

பணம் என்று சொல்கிறீர்கள், பதவிக்கு உண்மையில் விலை இருந்ததா? எவ்வளவு?

மே 7, இரவு

இருந்தது. ரெஜிமென்ட் விற்பனைக்கு வரும். காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு அரசே உச்சவரம்பு நிர்ணயித்தது. பெயரும் பழமையும் பொறுத்து ஏறி இறங்கும். குதிரைப்படை அதைவிட விலை கூட. லாஃபாயெத் அமெரிக்காவிலிருந்து 1779-ல் திரும்பி வந்ததும் அரசரின் டிராகூன் (ஒருவகைக் குதிரைப்படை) ரெஜிமென்டை 80,000 லிவ்ருக்கு வாங்கினார். ஒப்பிட ஒரு எண்: 1785-ல் பீரங்கிப்படைச் சூ-லெப்டினன்ட் ஒருவரின் ஆண்டு வருமானம் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,100 லிவ்ர். வாங்கியதோடும் முடியாது. கர்னல் தன் அதிகாரிகளுக்குப் பந்தி போட வேண்டும், வண்டி குதிரை வைத்திருக்க வேண்டும். சம்பளத்தில் அது நடக்காது.

இதை உடைக்க 1776 மார்ச்சில் போர் அமைச்சர் சான்-ஜெர்மான் கொண்டுவந்த ஏற்பாடு அழகானது. ஒரேயடியாக ஒழித்தால் அரசு எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கஜானாவில் பணம் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை கை மாறும்போதும் விலையில் நாலில் ஒரு பங்கு கழியும் என்றார். 40,000 லிவ்ர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பவர் விலகும்போது 30,000 வாங்குவார், அடுத்தவர் 20,000, அதற்கடுத்தவர் 10,000, நான்காமவர் வெறுங்கையோடு போவார். ஒவ்வொருவருக்கும் 10,000 நஷ்டம், அரசுக்குச் செலவில்லை. ஆனால் கர்னல்கள் பதவியை விட்டு நகர்ந்தால்தானே கழியும்? 1789-க்குள் எல்லாம் கழிந்து முடியவில்லை.

மே 8

நேற்றைய குறிப்பில் ஒரு முக்கியமான விடுபடல். கர்னலுக்குக் கீழே உள்ள எல்லாப் பதவியும் விலைக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லெப்டினன்ட்-கர்னல், மேஜர் இரண்டும் விற்பனைக்கு இல்லாதவை. இளம் கர்னல் வெர்சாய் மாளிகையில் இருக்க, ரெஜிமென்டை உண்மையில் நடத்தியவர்கள் இந்த இருவரும்தான். பெரும்பாலும் ஏழைப் பிரபுக்கள், பதினாறு வயதில் சேர்ந்து ஐம்பதில் அங்கே வந்தவர்கள்.

காலாட்படைக் கம்பெனியும் சட்டப்படி விற்பனைக்கு இல்லை. (இங்கே கம்பெனி என்றால் கேப்டனின் கீழ் உள்ள படைக் குழு.) குதிரைப்படைக் கம்பெனிக்கு விலை உண்டு. ஆனால் காலாட்படையிலும் பணம் கை மாறியது. அதற்கு ‘கொங்கொர்தா’ என்று பெயர், அதிகாரிகளுக்குள் ஓர் ஒப்பந்தம். மூத்த கேப்டன் ஓய்வு பெற்றால் கீழே உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி ஏறுவார்கள். ஆகவே கீழே உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகை சேர்த்து மூத்தவரிடம் கொடுத்து, ஐயா நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அரசு திரும்பத் திரும்பத் தடை செய்தது. நின்றபாடில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் லாபம். கெட்டது என்னவென்றால், பங்கு போட முடியாத ஏழை அதிகாரிமீது சக அதிகாரிகளின் நெருக்கடி. கடன் வாங்கிப் போட்டவர்கள் பலர்.

மே 9

கேப்டன் பற்றி இன்னும் ஒன்று. 1762 டிசம்பருக்கு முன்னும் பின்னும் கேப்டன் என்ற சொல்லுக்கு வேறு வேறு பொருள்.

முன்பு கம்பெனி கேப்டனின் சொத்து மாதிரி. அரசு ஒரு தொகை தரும். அவர் ஆள் பிடிப்பார், உடை கொடுப்பார், கருவி பார்த்துக்கொள்வார். சிப்பாய்க்கு ஒப்பந்தம் குறைந்தது 6 ஆண்டு. ஒருவன் ஓடிப்போனாலும் செத்தாலும் கேப்டன் பையிலிருந்து புதிய ஆளுக்கு முன்பணம் போகும். இதன் விளைவுகளைப் பாருங்கள். 6 ஆண்டு முடிந்தவனை விடுவிக்க மனம் வராது, ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவார். நோயாளியையும் கணக்கில் வைத்திருப்பார். தணிக்கை நாளில் எண்ணிக்கை குறைந்தால் வெளியாளைச் சீருடை போட்டு நிறுத்துவார். அதற்கே ‘பாஸ்-வோலான்’ என்று தனிச் சொல் இருந்தது. பிடிபட்டால் அப்படி நின்றவனுக்குக் கடும் தண்டனை. வேலியே பயிரை மேய்ந்த ஏற்பாடு என்றாலும், கேப்டன்களைத் திட்டி மட்டும் பயனில்லை. அரசு கொடுத்த தொகை போதவில்லை. சொந்த நிலத்தை அடமானம் வைத்துக் கம்பெனியை நிரப்பிய ஏழைப் பிரபுக்கள் இருந்தார்கள்.

ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் அடிபட்ட பிறகு போர் அமைச்சர் ஷுவாசேல் இதை மாற்றினார். ஆள் சேர்ப்பு, உடை, கருவி எல்லாம் அரசர் கணக்கு. கேப்டன் சம்பளத்துக்கு வேலை செய்யும் அதிகாரி ஆனார். கைப்பணம் இல்லாத பிரபுவுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதே காரணத்தால் ‘இனிப் பணக்காரன் எதற்கு நமக்கு?’ என்ற கேள்வியும் எழுந்தது. முன்பு கம்பெனியை நிரப்பப் பணக்காரன் தேவைப்பட்டான், 1762-க்குப் பின் தேவையில்லை. 1781 ஆணைக்கு இந்த மாற்றம் வழி விட்டது என்பது என் கணிப்பு.

மே 10 – கேட்டவர்

சரி, நெப்போலியன் ஏழைதானே, அவர் எப்படி நுழைந்தார்? புரட்சிக் காலத்தில் படைகளை அமைத்த கார்னோ சாமானியர் என்கிறார்களே?

மே 10, இரவு

நெப்போலியன் இந்த அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டதோ அவரேதான். 1751 ஜனவரி ஆணையின்படி பாரிஸ் ராணுவப் பள்ளி 500 ஏழைப் பிரபுப் பையன்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. போரில் தந்தையை இழந்தவர்களுக்கு முன்னுரிமை. செலவுக்குச் சீட்டுக்கட்டு மீது வரி. 1776-ல் சான்-ஜெர்மான் பையன்களை மாகாணக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார். பிரியேன், சொரேஸ், பொன்லவுவா, வான்தோம் எல்லாம் அவற்றில் சேர்ந்தவை. நடத்தியவர்கள் துறவிகள்.

நெப்போலியன் பிறந்த கோர்சிக்காத் தீவின் உயர் மன்றம் போனபார்த் குடும்பத்தைப் பிரபுக் குடும்பமாக 1771-ல் ஏற்றுக்கொண்டிருந்தது. அப்பா கார்லோ இரண்டு காகிதம் தர வேண்டியிருந்தது: பிரபு என்பதற்கு ஒன்று, ஏழை என்பதற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் இலவச இடம். 1779-ல் பிரியேன், 1784-ல் பாரிஸ், 1785 செப்டம்பரில் கணித அறிஞர் லாப்லாஸ் வைத்த தேர்வு, 58 பேரில் 42-ஆம் இடம், லா ஃபேர் பீரங்கி ரெஜிமென்டில் சூ-லெப்டினன்ட். பீரங்கிப்படையில் பதவி விற்பனையே கிடையாது. கணக்கு வர வேண்டும், பிறகு பணிமூப்பு. அதனால்தான் பெரிய இடத்துப் பையன்கள் அங்கே குறைவு, சிறு பிரபுக்கள் அதிகம்.

கார்னோ பர்கண்டியில் ஒரு நோட்டரியின் மகன். மே 5-ல் சொன்ன அந்தப் பொத்தல்தான் அவர் வழி: ‘பிரபு போல வாழும் குடும்பம்’ என்ற சான்றோடு 1771-ல் மெசியேர் பொறியாளர் பள்ளியில் சேர்ந்தார். 1783-ல் கேப்டன், அதோடு நின்றார். அதே பள்ளியில் கணிதம் கற்பித்த மோன்ஜ் வியாபாரி மகன். பிரபுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம், அவர்களோடு மாணவனாக உட்காரப் பிறப்பு போதவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மே 12 – புதிதாக வந்தவர்

பிரெஞ்சுத் தளபதிகள் லாலியும் புஸ்ஸியும் நம்ம பக்கம் வந்தவர்கள்தானே. அவர்கள் இதில் எந்த வகை?

மே 12, இரவு

நல்ல கேள்வி, புதுச்சேரியில் இந்தச் சண்டை துப்பாக்கிச் சத்தத்தோடு நடந்தது. லாலி அயர்லாந்துப் பிரபுக் குடும்பத்தின் வாரிசு. பிறந்தது 1702-ல், பிரான்சின் ரோமான் நகரில். ஃபோன்தனுவா போரில் (1745) பிரெஞ்சுப் படையின் அயர்லாந்துப் படைப்பிரிவில் தன் ரெஜிமென்டை நடத்திப் பெயர் வாங்கியவர். 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கியபோது அவர் அரசரின் தளபதி. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் பிரெஞ்சுக் கிழக்கிந்திய வணிகக் கம்பெனியின் அதிகாரிகள். ஒரே பதவிப் பெயர் இருந்தாலும் அரசர் கையெழுத்திட்ட பதவி மேல், வணிகக் கம்பெனி கொடுத்த பதவி கீழ். ஐதராபாத்தில் ஏழு ஆண்டு படையும் அரசியலும் நடத்திய புஸ்ஸி, இங்கே வந்து ஓராண்டும் ஆகாத அரச ரெஜிமென்ட் கர்னல்களுக்குக் கீழே நிற்க வேண்டிய நிலை.

கர்னல்கள் செய்தது கவனிக்கத் தக்கது. தெஸ்தான் உட்பட உயர்குடிக் கர்னல்கள் சிலர், புஸ்ஸியைத் தங்களுக்கு மேலே வையுங்கள் என்று தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். பிரபு என்றால் எப்போதும் பதவிச் செருக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். லாலி அதை மனமுவந்து ஏற்கவில்லை. 1760 ஜனவரி 22, வந்தவாசி: ஆங்கிலத் தளபதி எயர் கூட்டிடம் தோல்வி, புஸ்ஸி பிடிபட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. லாலிக்கு 1766 மே 9 அன்று பாரிஸில் மரண தண்டனை. சாமானியனைத் தூக்கிலிடுவார்கள், லாலி பிரபு என்பதால் வாளால் தலையை வெட்டினார்கள். ஆனால் பேசவிடாமல் வாயை அடைத்துக் கொண்டுபோனார்கள். மகன் விடாமல் போராடினார், எழுத்தாளர் வோல்த்தேர் துணை நின்றார், 1778-ல் அரசவை மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. லாலி காலத்துப் புதுச்சேரியை ஊருக்குள்ளிருந்து பார்க்க விரும்புவோர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பின் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

மே 13

மே 6 குறிப்பில் 1400-ஆம் ஆண்டுச் சான்றை நினைவில் வைக்கச் சொன்னேன். அது இங்கே வருகிறது.

படையில் இரண்டு ஏணிகள். ஒன்று மாகாணப் பிரபுவுக்கு: பதினாறில் சூ-லெப்டினன்ட், பதினைந்து ஆண்டு கழித்துக் கேப்டன், சான்-லூயி சிலுவை, சிறு ஓய்வூதியம், வீடு. இன்னொன்று அரசவைக் குடும்பத்துக்கு: பதின்மூன்றில் மஸ்கட்டியர் (அரசரின் காவல் படை வீரர்), பதினேழில் கேப்டன், இருபது சொச்சத்தில் கர்னல். லாஃபாயெத் முதல் இரண்டு படியும் அப்படியே ஏறினார். இந்த இளம் கர்னல்களுக்கு ‘கழுத்தில் எச்சில் துணி கட்டிய கர்னல்கள்’ என்று பெயர். 1758-ல் போர் அமைச்சர் பெல்-ஈல், கர்னல் ஆவதற்கு 7 ஆண்டு சேவை வேண்டும், அதில் 5 கேப்டனாக என்று விதித்தார். சிபாரிசுக் கடிதங்கள் விதியை அரித்துக்கொண்டே இருந்தன.

1781 ஆணை கீழ் ஏணியின் அடியில் புதுப் பிரபுவை நிறுத்தியதே தவிர, மேல் ஏணியைத் தொடவில்லை. 1788 சீர்திருத்தம் இன்னும் ஒரு படி போய், பெரிய பதவிகள் அரசவைப் பிரபுக்களுக்கே என்பதை அநேகமாக எழுத்திலேயே வைத்தது. தன் நிலத்தை விற்றுச் சேவை செய்த மாகாணப் பிரபுவின் நெஞ்சில் அது குத்தியது. 1789-ல் பிரபுக்களே எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல்களில் அரசவைச் சலுகைக்கு எதிராக வரும் வரிகளைப் படியுங்கள். பிரபுக்கள் ஒன்றாகச் சேர்ந்து என்றீர்களே, அவர்கள் ஒன்றாக இருக்கவே இல்லை.

மே 15 – கேட்டவர்

பின்னால் நெப்போலியனின் மார்ஷல்கள் ஆன மசேனா, பெர்னதோத் போன்ற சார்ஜென்ட்கள்? அவர்கள் கோபம் பொய்யா?

மே 15, இரவு

கோபம் உண்மை. ஆனால் அவர்கள் தலையில் இடித்த கூரை 1781-ல் கட்டப்பட்டதல்ல. சிப்பாயிலிருந்து வருகிறவரை ‘அதிகாரி தெ ஃபொர்த்யூன்’ என்பார்கள். அவருக்கென்று சில பதவிகள் ஒதுங்கியிருந்தன: கொடி தாங்குபவர், கணக்கும் பண்டமும் பார்க்கும் குவார்ட்டர் மாஸ்டர், கிரனேடியர் லெப்டினன்ட். கேப்டனாவதே அரிது. அந்தப் பாதையை 1781 மூடவில்லை; ஆணை நேரடி நியமனத்தை மட்டும் பேசுகிறது. மசேனா 1775-ல் சேர்ந்து 14 ஆண்டு உழைத்து, சார்ஜென்ட்களுக்கு மேலே உள்ள அட்ஜுதான் வரை வந்து, 1789-ல் வெளியேறினார். 1781 ஆணை இல்லாமல் போயிருந்தாலும் அவர் கதை அநேகமாக அதேதான். மறுபக்கம் ஷெவேர் இருக்கிறார்: பிரபுப் பிறப்பு இல்லை, 1741-ல் ப்ராக் கோட்டைச் சுவர் ஏறியவர், 1748-ல் லெப்டினன்ட் ஜெனரல். மார்ஷல் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை.

1750 நவம்பர் ஆணையையும் சேர்க்க வேண்டும், இவ்வளவு நேரம் மறந்தேன். ஜெனரல் தரம் எட்டிய சாமானியன் உடனே பரம்பரைப் பிரபு. சான்-லூயி சிலுவையோடு மொத்தம் 30 ஆண்டு சேவை முடித்த கேப்டனுக்கு வரி விலக்கு. தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறை அப்படிச் சேவை செய்தால் குடும்பமே பிரபு. ரத்தம் சிந்தியவனுக்கு வாசல், பணம் கட்டியவனுக்கு அடைத்த கதவு. 1750-ம் 1781-ம் ஒரே கையெழுத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

மே 16

கடைசியாக, பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு. 1789 ஆகஸ்ட் 26 உரிமைப் பிரகடனத்தின் 6-ஆம் பிரிவு எல்லாப் பதவிக்கும் எல்லாரும் தகுதி என்றது. 1790 பிப்ரவரி 28 சட்டம் அதைப் படைக்குப் பொருத்தி, பதவி விற்பனையையும் முடித்தது. அதே ஜூன் 19-ல் பிரபுப் பட்டங்களே ஒழிந்தன. அதிகாரிகள் பெருங்கூட்டமாக நாட்டை விட்டுப் போகத் தொடங்கியது 1791 ஜூனில், தப்பியோடிய அரசர் வாரேன் ஊரில் பிடிபட்ட பிறகு. காலியான இடங்களில் சார்ஜென்ட்கள் ஏறினார்கள்.

மே 5-ல் ஷெரான் என்று ஒரே பெயராக எழுதியிருந்தேன், இருவர் அவர்கள். ஆணை வந்தபோது பத்திரங்களைப் பார்த்தவர் தந்தை பெர்னார், 1785-ல் இறந்தார். பிறகு அந்த வேலை மகன் லூயி நிக்கோலாவிடம் வந்தது. மகன் புரட்சிக்குப் பின் படையில் சேர்ந்தார், குடியரசின் ஜெனரல் ஆனார். 1799-ல் சுவிட்சர்லாந்தில் மசேனாவின் படைத் தலைமை அலுவலராக இருந்தபோது காயம்பட்டு இறந்தார்.